பதினாறு அங்குலம்

அர்பாப் கொடுத்தது ஆயிரத்து இருநூறு திர்ஹம்.
சொன்னது ஒரு சொல்: வாஹித்.
ஒன்று.
விறகுக் கொட்டகை முழுவதுக்கும் ஒரே ரம்பம்,
எல்லா மரத்துக்கும், எல்லா நாளுக்கும்.
எல்லா வேலைக்கும் ஒன்றென்று கேட்டுத்தான்
என்னையும் இறக்கினார்.
விசாவில் நான் ஓட்டுநர்.

தைத் கடைவீதியில் குஞ்ஞம்பு, காசர்கோட்டுக்காரர்,
மூன்றைத் தூக்கி மேஜையில் வைத்தார்.

முதலாவது பேட்டரி.
"சத்தமில்லா, புகையில்லா,
ஃபிளாட்டுக்குள்ளேயே அறுக்கலாம்."
ஃபிளாட்டுக்குள் யார் விறகு அறுக்கிறார்கள்?
எங்கள் அறையில் இருப்பது ஒரு பிளக்.
அதில் ஏழு போன், ஒரு ரைஸ் குக்கர்.
வரிசையில் ஒன்பதாவதாக நிற்கட்டும் என்றால்
நிற்குமா இது?

அடுத்தது இருபது அங்குலம்.
அர்பாபின் மகன் ஹுமைத் அனுப்பிய படம் இதுதான்.
தூக்கிப் பார்த்தேன்.
பொய் சொல்லக் கூடாது,
தூக்கியதும் நானே இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.
"எடை?"
"ஏழரை."
ஏழரை என்றதும் மெதுவாகக் கீழே வைத்தேன்.

மூன்றாவது பதினாறு.
பெட்ரோல், ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
கல்யாண வீட்டில் நடுப்பிள்ளை மாதிரி
யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

நாங்கள் அறுப்பது என்ன?
ஸமர். கல்லாகப் பிறக்க வேண்டியது
கடைசி நிமிடத்தில் மனசு மாறியிருக்கிறது.
கப்பலில் வரும் கட்டை,
எந்த நாட்டிலோ யாரோ அடித்த ஆணியோடு.
காஃப் மரத்தைத் தொட மாட்டோம், அபராதம்.
மீதியெல்லாம் குவைஃப்.
முதுகுளத்தூரில் அதற்குச் சீமைக்கருவேலம் என்று பெயர்.
இங்கே வந்து பெயரை மாற்றிக்கொண்டது,
முள்ளை மாற்றவில்லை.
தொடையை விடத் தடித்தது வாரத்துக்கு இரண்டு வரும்.
புரட்டிப் போட்டு மறுபக்கமும் அறுத்தால்
பதினாறே போதும்.

மணல் வேறு.
எத்தனை பெரிய ரம்பமானாலும்
இந்த ஊர் மணலில் மூன்றே நாள்,
பொக்கைவாய்.

கணக்கு இத்தனை பார்த்தும்
கண் இருபதிலேயே நின்றது.

அப்புறம்தான் ஆட்களை நினைத்தேன்.
குல்ஜமீர் ஆறடி, இருபதைச் சீப்பு மாதிரி பிடிப்பான்.
மொஃபிஸுல் என் தோளுக்கு வருவான்,
இடதுகைக்காரன்.
உலகத்து ரம்பம் அத்தனையும்
வலதுகைக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள்,
அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.
இந்த வருஷம் நோன்பு குளிர்காலத்தில்.
பாலையில் கூடாரம் போடுகிறவர்களுக்கும்
மந்திக் கடைகளுக்கும்
விறகு பறக்கிற மாதம்.
மாலை நான்கு மணி.
எச்சில் விழுங்கினாலும் குற்றம் என்று
வாயைத் திறந்தே வைத்திருப்பான்.
அந்தக் கையில் இருபதைக் கொடுத்துப் பார்த்தேன்,
கடைக்குள் நின்றபடியே, மனசுக்குள்.

விழுந்தது.
அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி.

காலையிலிருந்து மரத்துக்கல்லவா
அளவெடுத்துக்கொண்டிருந்தேன்!

"சேட்டா, பதினாறு போடுங்க."
எழுநூற்று எண்பது.
மிச்சத்துக்கு மூன்று சங்கிலி, இரண்டு அரம்,
கலக்கிற எண்ணெய் ஒரு டப்பா,
தொடைக்கவசம் ஒன்று.
பத்து திர்ஹம் மீந்தது.
கணக்கோடு சேர்த்து அதையும் கொடுத்தேன்.

ஹுமைத் வண்டியை விட்டு இறங்காமலே பார்த்தான்.
"ஸகீர்" என்றான்.
சின்னதுதான் பாபா, சின்னதுதான்.

நோன்பு ஐந்தாம் நாள்.
மூன்றாம் இழுப்பில் பிடித்துக்கொண்டது.
குவைஃப் தூள் மஞ்சளாகப் பறந்து
மொஃபிஸுலின் புருவத்தில் ஒட்டியது.
ஒரு கட்டைக்குள் ஆணி.
சங்கிலி போயிற்று. மாற்றினோம்.
நான்கு மணிக்கு அவன் முறை வந்தது.
நான் பக்கத்திலேயே விறகு அடுக்கினேன்,
அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

பாங்கு சொன்னதும்
தண்ணீர்க் குவளையை
இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

அவனுக்குத் தெரியாமல்
விரல்களை எண்ணினேன்.
பத்து.